பாரிப் பானையும் இழை எண்ணும் கண்ணாடியும்

மகனே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பாவிடமும் வேண்டாம், அவர் யாராக இருந்தாலும் சரி. முக்கியமாக உன் மாமா கையில், அதாவது என் அண்ணன் கையில், இது கிடைக்கவே கூடாது. நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே இன்னும் பத்தாம் வகுப்பு முடியவில்லை. பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டால் எங்கள் தெருவில் எனக்கு வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வருவார்கள். ஆனால் இன்றைக்கு நான் வாய்விட்டுப் பேசக்கூடிய ஆள் செல்லூரில் ஒருவரும் இல்லை. நீ வளர்ந்து, மீசை வைத்து, உனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கும் நேரத்தில் இதைப் படிக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது நான் உன் அம்மா. அதனால் அம்மாவாகவே பேசுகிறேன். குறுக்கே பேசாமல் கேள். மகளுக்கு எழுதலாமே என்றும் யோசித்தேன். மகளாக இருந்தால் இதில் பாதி அவளுக்கு நான் சொல்லாமலே தெரிந்துபோகும். மகனுக்குத்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

நான் உட்கார்ந்திருப்பது வீட்டின் பின்னறை. நெய்து மடித்த துணிக்கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். சிம்னி விளக்கைத் துணிக்கட்டுக்குப் பின்னால் வைத்து, வெளிச்சம் கதவிடுக்கில் போகாதபடி பாவாடையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். நாளைக்குத் திருவிழா என்பதால் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கியவளுக்கு இந்த அமைதி பயமாக இருக்கிறது. பேனா கீறுகிற சத்தம்கூட ஊருக்கே கேட்கும்போல இருக்கிறது. பக்கத்தில் பாயில் என் அண்ணி, அண்ணனைக் கட்டி வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருக்கிறாள். அவள் தலைமாட்டில் அவளுடைய டிரங்குப் பெட்டி கட்டித் தயாராக இருக்கிறது. நாளைக் காலையில் முளைப்பாரி எடுப்பதற்கு முன் அவள் தெருப் பெண்கள் எல்லோர் முன்னாலும் நின்று, தீட்டோடு பாரி வீட்டுக்குள் போனது உண்மைதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மஞ்சள் தண்ணீர் ஊற்றி மன்னித்துவிடுவார்களாம். சொல்லாவிட்டால் பெட்டியோடு விளாங்குடிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு. எப்போது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் அப்படிப் போகவில்லை, மகனே. அவள் பானை ஏன் கெட்டது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் பழி யார் மேல் போய் விழும் என்பதும் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் காலத்தில் முளைப்பாரி போடுவார்களோ என்னவோ, அதனால் சொல்கிறேன். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் வீட்டுக்கு ஒரு பானை போடுவார்கள். அடியில் வைக்கோல், அதன்மேல் எருவும் கரம்பை மண்ணும், அதன்மேல் ஊறவைத்த பயறு. எல்லாப் பானைகளையும் ஜன்னலை அடைத்த ஒரு வீட்டில் வைப்பார்கள்; அதுதான் பாரி வீடு. வெயில் படாமல் வளர்வதால் பயிர் வெளுத்து, மஞ்சளாக, ஒரே உயரமாக நிற்கும். விரதம் இருக்கிற பெண்கள் மட்டும்தான் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்கலாம். சாயங்காலம் வாசலில் கும்மி. கடைசி நாள் பானைகளைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய்த் தண்ணீரில் கரைப்பார்கள். யார் பானை எவ்வளவு உயரம் என்று தெருவே பார்க்கும். புதிதாக வந்த மருமகளின் முதல் பானையை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கும். பயிர் செழித்தால் அவள் வயிறும் செழிக்கும் என்பார்கள். கெட்டால் அவளிடம் ஏதோ கேடு என்பார்கள்.

என் அம்மாவுக்கு அண்ணியின் பானை மேல் எவ்வளவு ஆசை என்று நீ பார்த்திருக்க வேண்டும். பானையைத் தேர்ந்தெடுக்க மூன்று கடை ஏறி இறங்கினாள். பயறைத் தானே பொறுக்கினாள். போடுகிற அன்று பார்த்தால், வாங்கி வைத்த வைக்கோல் முந்தின நாள் மழையில் நனைந்து நாறிப்போயிருந்தது. அண்ணி, "பக்கத்து வீட்டுல ஒரு கை வாங்கியாரேன் அத்த" என்றாள். அம்மா, "வைக்கலு எதுக்கு? இந்தா, நம்ம வீட்டுல இல்லாததா" என்று தறிக்கூடத்துக்குப் போய், மடி நிறைய வேஸ்ட் நூல் அள்ளிக்கொண்டு வந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவிலிருந்து அறுந்து விழுகிற நூல், விறைப்புக்குப் போட்ட கஞ்சி ஏறி மொடமொடவென்று இருக்கும். அதை உருண்டை உருட்டிப் பானை அடியில் அமுக்கினாள். "இது தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். பயிரு குளுகுளுன்னு வரும். தெருவுலயே எம்மருமக பாரிதான் ஒசரமா நிக்கணும்" என்றாள். அண்ணி சிரித்தாள். நான் பக்கத்தில் நின்று பயறு தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. இதை நீ மறக்கக்கூடாது.

இப்போது கண்ணாடியைப் பற்றி. உன் தாத்தாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பித்தளைக் கண்ணாடி இருக்கும். மடக்கி வைத்தால் தீப்பெட்டி அளவு. விரித்துத் துணிமேல் வைத்தால் கீழே ஓர் அங்குலச் சதுரம் தெரியும், மேலே இருக்கிற வில்லை வழியாகப் பார்த்து அந்தச் சதுரத்துக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணலாம். ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர் துணியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இழை கம்மியா இருக்குண்ணே. பாத்தாலே தெரியுது" என்றார். என் அப்பா கோபப்படவில்லை. கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தார். "பாத்தாத் தெரியாதுண்ணே, எண்ணுனாத்தான் தெரியும். நான் எண்ணிச் சொன்னா எஞ்சரக்குக்கு நானே பேசுறேன்னு சொல்லுவீங்க. நீங்களே எண்ணுங்க" என்றார். வியாபாரி குனிந்து, ஊசி முனையால் இழையைத் தள்ளித் தள்ளி எண்ணி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அன்றைக்கு அப்பாவைப் பிடித்ததுபோல என்றைக்கும் பிடித்ததில்லை.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூட நூலகத்தில் எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. வளையப்பந்தும் கயிறும் போட்டு வைக்கிற அலமாரியின் அடித்தட்டில் அட்டை இல்லாமல் கிடந்தது. அறிவியல் டீச்சரிடம் காட்டியபோது, "இது பரீட்சைக்கு வராதுடி, வச்சிட்டு வா" என்றார்கள். வைக்கவில்லை. முந்நூறு, முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு என்னென்ன பார்த்தார்கள் என்று அதில் இருந்தது. ஹாலந்தில் ஒரு துணி வியாபாரி, மகனே. உன் தாத்தாவைப்போலவே இழை பார்க்க வில்லை வைத்திருந்தவராம். அவர் தானே இன்னும் சின்ன வில்லைகளைத் தேய்த்துச் செய்து, குளத்துத் தண்ணீர், தன் பல் அழுக்கு என்று அகப்பட்டதையெல்லாம் பார்த்தார். உள்ளே உயிர்கள் நீந்தின. அதை இங்கிலாந்தில் இருக்கிற படித்தவர்கள் சபைக்குக் கடிதமாக எழுதினார். அவர் கல்லூரி வாசலை மிதிக்காதவர், அவர்கள் நம்பவில்லை. அவர் சண்டை போடவில்லை. ஊர்ப் பாதிரியார்களையும் பத்திரம் எழுதுகிறவர்களையும் வீட்டுக்கு வரவழைத்து, வில்லையைக் கையில் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார். பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த வெளியூர் வியாபாரி குனிந்து எண்ணியதுதான் கண்ணில் வந்தது.

அப்பா குளிக்கப் போகும்போது ஆணியில் தொங்குகிற சட்டையிலிருந்து கண்ணாடியை எடுப்பேன், அவர் தலை துவட்டுவதற்குள் வைத்துவிடுவேன். முதன்முதலில் கறுப்பாக ஒரு புழு துடிப்பதைப் பார்த்து அலறப் பார்த்தேன். அது என் சொந்த இமை மயிர். அப்புறம் பழகிக்கொண்டேன். அண்ணி வந்த பிறகு இந்தத் திருட்டுக்குக் கூட்டாளி கிடைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அகப்பட்ட ஒன்றை நசுக்க விடாமல், வெள்ளைத் தாளில் போட்டுக் கண்ணாடியை மேலே வைத்துக் கொடுத்தேன். "அடியாத்தீ! கொம்பு வச்சிருக்குடி. பாப்பா, இது அப்படியே உங்க அண்ணே கணக்கா இருக்கு." "எங்க அண்ணனுக்கு ஆறு காலு இல்ல அண்ணி." "வேலை சொன்னா ஓடுறாரே ஓட்டம், அதுக்கு ஆறு காலு இருந்தாத்தான் முடியும்." சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. பிறகு அவள் மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இம்புட்டு நாளா நம்ம தலையிலயே குடியிருக்கு, இதோட மொகம் நமக்குத் தெரியல பாரேன்" என்றாள். என் புத்தகத்திலும் ஒரு பேன் படம் உண்டு, பக்கத்தைவிடப் பெரிதாக, மடித்து வைத்தது. அதை வரைந்தவரும் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

பாரி போட்ட ஐந்தாம் நாள் காலையில், தண்ணீர் தெளிக்கப் போன, பாரி வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியம்மா கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். மற்றப் பானைகளில் பயிர் ஒரு சாண் நிற்கிறது; அண்ணியின் பானையில் எல்லாம் மடிந்து, மேலே வெள்ளையாகப் பஞ்சு பூத்துக் கிடக்கிறது. "யாரோ தூரத்தோட உள்ள வந்திருக்கா. ஆத்தா காட்டிக் குடுத்துட்டா" என்றார்கள். யாரோ என்று சொன்னாலும் எல்லோரும் அண்ணியைத்தான் பார்த்தார்கள். அந்தப் பானையைத் தூக்கிவந்து எங்கள் கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் கூடை போட்டு மூடி வைத்தார்கள், திருவிழா முடியும் மட்டும் யாரும் தொடக் கூடாது என்று. வீட்டுக்குள் அம்மா அண்ணியைக் கேட்டாள், "உள்ள போனப்ப நீ சுத்தமாத்தான இருந்தே?" "எனக்குத் தலைக்கு ஊத்தி ஒரு வாரம் கழிச்சுத்தான பாரியே போட்டோம், உங்களுக்குத் தெரியாதா அத்த?" அம்மாவுக்குத் தெரியும். ஆனால் வாசலில் பத்துப் பெண்கள் நின்றார்கள். "அப்ப ஆத்தா பொய் சொல்லுறாளா?" என்று ஒரு குரல் வந்தது. அம்மா அதற்கப்புறம் அண்ணியின் பக்கம் நிற்கவில்லை. உயரமான பாரி வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு அந்தப் பத்துப் பேர் முன்னால் தலை குனிந்தது தாங்கவில்லை.

உன் மாமாவைப் பற்றிச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் வைத்து மிதிப்பவர் அவர்தான். ஆனால் அன்று சாயங்காலம் அண்ணியிடம் வந்து, "ஒத்துக்கிட்டாத் தீந்துச்சு. ஒரே ஒரு வார்த்தை. அதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்றார். அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "நடக்காதத நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அம்புட்டுத்தான்" என்றாள். "அப்ப விளாங்குடிக்குத்தான் போகணும்." "போறேன்." அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அப்பாவிடம் ஓடினேன். அவர் தறிக்கூடத்தில் குனிந்து இழை எண்ணிக்கொண்டிருந்தார். "அது பொம்பளைக சமாச்சாரம்த்தா, நான் என்ன சொல்ல" என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். துணி என்றால் நீங்களே எண்ணுங்கள் என்பவர், மருமகள் என்றால் எண்ண வேண்டாம் என்று ஏன் நினைக்கிறார்? நான் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் கோவிலுக்குப் போனபோது பானையை மூடியிருந்த கூடையைத் தூக்கிவிட்டேன். கண்ணாடியை வைத்துக் குனிந்தால், மகனே, அழகு. உனக்கு எப்படிச் சொல்வேன். நாங்கள் நெய்கிற எந்த நூலையும்விட மெலிந்த வெள்ளை இழைகள், ஒரு காடு மாதிரி. ஒவ்வொரு இழை நுனியிலும் குண்டூசித் தலைபோல ஒரு கறுப்புப் பொட்டு. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்! புத்தகத்தில், தோல் அட்டையில் பூத்த பூஞ்சணம் என்று பெரிதாக வரைந்த படம். குச்சியால் மண்ணை விலக்கினேன். மேலே லேசாக இருந்த வெள்ளை, கீழே போகப் போக அடர்த்தியாக இருந்தது. எங்கே மிக அடர்த்தி என்றால் நூல் உருண்டையில். கஞ்சி ஏறிய ஒவ்வொரு இழையையும் பிடித்துக்கொண்டு அது ஏறி வந்திருந்தது. என் அம்மா மடியில் அள்ளி வந்த நூல்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். எனக்கு என் கண்மேலேயே சந்தேகம் வந்தது. முதல் நாள் இமை மயிரைப் புழு என்று நினைத்தவள்தானே நான். என் புத்தகத்தில் வருகிற, வில்லை மாட்டிய குழாய் வைத்து வானத்தைப் பார்த்தவரையும் அப்படித்தான் கேட்டார்களாம், கண்ணாடி பொய் காட்டாது என்று என்ன நிச்சயம் என்று. அவர் அதே குழாயைத் தூரத்து வீடுகள் பக்கமும் கப்பல் பக்கமும் திருப்பிக் காட்டினார், கிட்டே வந்ததும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று. இன்னொருவர், அழுகின இறைச்சியில் புழு தானாகப் பிறக்கிறது என்று எல்லோரும் சொன்னபோது, சில ஜாடிகளைத் திறந்து வைத்தார், சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். ஈ உட்கார முடியாத ஜாடியில் புழு இல்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு மூன்று தேங்காய்ச் சிரட்டை எடுத்தேன். ஒன்றில் வைக்கோல். ஒன்றில் கஞ்சி நூல். ஒன்றில் அதே நூலைக் கொதிநீரில் அலசிக் கஞ்சி போக்கி வைத்தேன். மூன்றிலும் ஒரே மண், ஒரே பயறு, ஒரே கரண்டியால் தண்ணீர். இந்தத் துணிக்கட்டுக்குப் பின்னால் இருட்டில் வைத்தேன். வைக்கும்போது, "ஆத்தா கோவிச்சுக்காத, உன்னையச் சோதிக்கல, நூலத்தான் சோதிக்கிறேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து, இன்று காலையில் பார்த்தேன். கஞ்சி நூல் சிரட்டையில் பயிர் மடிந்து, அதே வெள்ளைக் காடு. வைக்கோலில் இரண்டு இடத்தில் புள்ளி, மற்றபடி பயிர் நிமிர்ந்து நிற்கிறது. அலசின நூலில் ஒரு முளை சொத்தை, மீதி நன்றாக இருக்கிறது. ஒருதடவை செய்து பார்த்ததை வைத்து அடித்துப் பேசலாமா என்று தெரியவில்லை. இன்னும் நாலு தடவை செய்து பார்க்க ஆசை. ஆனால் பெட்டி கட்டியாகிவிட்டது. ஒன்று மட்டும் நிச்சயம். இந்தச் சிரட்டைகளுக்கு அண்ணி தண்ணீர் ஊற்றவே இல்லை. நான்தான் ஊற்றினேன்.

அந்தப் புத்தகத்தில் முன்பு எனக்குச் சிரிப்பாக இருந்த ஓர் இடம் உண்டு. குழாயை வியாழன் பக்கம் திருப்பினால் அதைச் சுற்றி நாலு சின்ன நிலவு தெரிகிறது, வந்து பாருங்கள் என்று அவர் கூப்பிட்டபோது, சில பெரிய படிப்பாளிகள் கண்ணை வைக்கவே மாட்டோம் என்றார்களாம். என்ன மடையர்கள் என்று நினைத்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அவர்கள் பயந்திருப்பார்கள். ஒருதடவை பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காத மாதிரி இருக்க முடியாதே. அதுவரைக்கும் ஒன்று உண்மையா என்று கேட்டால், எந்தப் பெரியவர் சொன்னார், எந்தப் பழைய ஏட்டில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். வில்லைகள் வந்த பிறகு, நீ எப்படிப் பார்த்தாய், நானும் அப்படிப் பார்த்தால் எனக்கும் தெரியுமா என்று கேட்கப் பழகினார்கள். ஒரே நாளில் பழகவில்லை. குழாய் வைத்துப் பார்த்தவரையே கடைசியில், வயதான காலத்தில், மண்டியிட வைத்து, பூமி சுற்றவில்லை என்று சொல்ல வைத்தார்கள். அவர் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த அறையில் நான் இருந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன். அதனால்தான் அண்ணியை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவளிடம் குழாயும் இல்லை, புத்தகமும் இல்லை, பக்கத்தில் புருஷனும் இல்லை. சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஆகையால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு உனக்கு வருகிறவளைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், எப்படித் தெரியும் என்று கேள். ஊரே சொன்னாலும் கேள். உன் அம்மா சொன்னாலும் கேள். நான் வயதாகி, பத்துப் பேர் முன்னால் மானம் போகிறதே என்று பதறி ஏதாவது சொல்லிவிடலாம். என் அம்மாவுக்கு வந்தது எனக்கு வராது என்று என்ன நிச்சயம்? அப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடாதே. கேட்டுவிட்டு அவள் பக்கத்தில் நின்றுகொள். நான் உன்மேல் கோபப்படுவேன். பட்டால் பட்டுவிட்டுப் போகிறேன்.

இன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். "ம்மா, பானைக்கு அடியில வேஸ்ட் நூலு வச்சியே, அந்தக் கஞ்சிதாம்மா பூத்திருச்சு. நான் செரட்டையில வச்சுப் பாத்தேன், நீயும் வந்து பாரேன்" என்றேன். உலக்கை நின்றது. ஓங்கி ஒரு அறை. கன்னமெல்லாம் மாவு. "வெளிய மூச்சு விட்டே, கொன்னுபுடுவேன். நானாடி ஆத்தா பானைய அழுக விட்டேன்? எம்மருமகளுக்கு நானாடி?" என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அப்புறம் உலக்கையைப் பிடித்தபடியே நின்றாள். இடிக்கவில்லை. சோறு போடும்போது அண்ணியின் தட்டில் இரண்டாவது தடவையும் குழம்பு ஊற்றினாள், அவள் முகத்தைப் பார்க்காமல். தான் சாப்பிடவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, மகனே. தெரிந்த பிறகு அவள் என்ன செய்வாள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அண்ணி புரண்டு படுத்து, "இன்னும் தூங்கலையா பாப்பா? கண்ணு கெட்டுப்போகும்" என்றாள். "படிக்கிறேன் அண்ணி." "நாளைக்குத் திருவிழா, இன்னைக்குப் படிப்பாம். என்னைய நெனச்சு அழுதுகிட்டுக் கெடக்காத. விளாங்குடி என்ன சீமையா? பஸ்ஸு ஏறுனா வந்துரலாம்." அவள் கையை நீட்டி என் பாயில் வைத்தாள். வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் முடிவு செய்துவிட்டேன். அப்பாவின் கண்ணாடி என் மடியில் இருக்கிறது. இன்றைக்குத் திருப்பி வைக்கவில்லை. விடிந்ததும் மூன்று சிரட்டைகளையும் தட்டில் வைத்துப் பாரி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவேன். பெரியம்மாவின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, நீங்களே பாருங்க என்பேன். நூலை வைத்தது அம்மா என்று சொல்ல வேண்டி வரும். ஏன் வைத்தாள் என்பதையும் சேர்த்தே சொல்வேன், மருமகள் பாரி உயரமாக நிற்க வேண்டும் என்ற ஆசையில் என்று. கூடையைத் திறந்தது நான் என்பதையும் சொல்வேன். அடித்தால் அடிக்கட்டும். கண்ணை வைக்கவே மாட்டோம் என்றால் என்ன செய்வது என்று மட்டும் இன்னும் யோசிக்கவில்லை. நீ அப்போது என்ன செய்திருப்பாய் என்று

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாதான். தெருவுக்குக் கேட்காமல் கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுகிறாள். "அடியே, முழிச்சுத்தான இருக்க? அந்தச் செரட்டையவும் கண்ணாடியவும் எடுத்துட்டு வா. நான் பாக்கணும். அவளையும் கூட்டிக்கிட்டு வா." மகனே, நான் விளக்கை